தொங்கலில் முறுக்கிய வண்டி

கரட்டுப்புதூர் நகராட்சியில் இருபத்தேழாவது வார்டு என்று ஒரு வார்டு உண்டு, அந்த வார்டில் புதுமலர் நகர் என்று ஒரு நகர் உண்டு, அந்த நகரில் பாதாளச் சாக்கடைக்காக நான்கு வருடத்துக்கு முன்பு தோண்டி, குழாய் இறக்கி, மண்ணைத் தள்ளி மூடி, மூடியதை மழை திறந்து, திறந்ததை லாரி ஆழமாக்கி, அதற்கப்புறம் ஒரு நாதியும் எட்டிப் பார்க்காத ஆறு வீதிகள் உண்டு, அந்த ஆறில் நாலாவது வீதியில் சென்னியப்பன் தன் பழைய காரின் பின்பக்கத்தைக் கழற்றி மாட்டிய ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தக் காரின் பின் சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடவில்லை. முன் சக்கரங்கள் தொட்டன. பின் சக்கரங்கள் ஒரு சாண் உயரத்தில் நின்றன. இதை வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியாது. நானும் நாலாவது வீதிக்காரன்தான், பக்கத்தில் நின்று பார்த்தவன்.

வண்டியை வீட்டிலேயே கழற்றும்படி ஆனதற்குக் காரணம் மயிலாத்தாளின் முதுகு. மயிலாத்தாள் சென்னியப்பனின் மனைவி. காரின் அடிப்பாக மூட்டுகளில் குலுக்கலை வாங்கிக்கொள்கிற ரப்பர் புஷ் செய்கிற கம்பெனியில் பதினெட்டு வருடம் சோதனை மேசையில் உட்கார்ந்து, தேறுகிற புஷ்ஷையும் தேறாத புஷ்ஷையும் கட்டைவிரலால் அழுத்தியே பிரித்துப் போட்டவள். ஒருநாள் காலையில் கம்பெனி வேன் பிள்ளையார் கோயில் முக்குக் குழியில் விழுந்து எழுந்தது, கடைசி சீட்டில் இருந்த மயிலாத்தாளின் முதுகுத்தண்டில் ஒரு வட்டு நழுவியது, வேன் போய்விட்டது, அவள் கட்டிலுக்கு வந்துவிட்டாள். பன்னிரண்டு புதன்கிழமைகள் விடாமல் பெரியாஸ்பத்திரிக்கு வந்து பிசியோதெரபி செய்துகொண்டால் கத்தி வேண்டாம் என்றும், விட்டால் கத்திதான் என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். கத்தி பட்ட முதுகுக்காரியைக் கம்பெனி திரும்பச் சேர்க்காது. மயிலாத்தாளுக்கு அந்த மேசை வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரி ஏழு கிலோமீட்டர். அங்கே நீவிச் சரி செய்ததையெல்லாம் திரும்பி வருகிற வழியில் எங்கள் வீதிகள் பிடுங்கிக்கொள்ளும்.

"போறப்ப ஒரு முதுகு, வர்றப்ப ஒரு முதுகுங்க" என்று மயிலாத்தாள் என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தாள், சிரித்ததும் வலித்து அழுதாள்.

வீதி நம் கையில் இல்லை, வண்டியாவது நம் கையில் இருக்கட்டும் என்று சென்னியப்பன் முடிவு செய்தார். ஸ்பிரிங் தளர்ந்து, ஷாக்கப்சர் எண்ணெய் கக்கி, புஷ் பிய்ந்து, அந்தக் கார் குழியில் இறங்கும்போதெல்லாம் கிழவன் படியிறங்குகிற மாதிரி முனகிக்கொண்டிருந்தது. அவர் பம்பு கம்பெனியில் முப்பது வருடம் லேத்தில் நின்றவர், ஒரு ஸ்பேனரைப் பார்த்தால் அது எத்தனையாம் நம்பர் என்று தூரத்திலிருந்தே சொல்லக்கூடியவர், ஆகவே உதிரிகளை வாங்கிவந்து வாசலில் சாக்கு விரித்து, ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கி, இரண்டு ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி உள்ளே படுத்தார்.

ஜாக்கி ஏற்றிய வண்டியைச் சுற்றி ஆண்கள் கூடுவது எங்கள் ஊர் வழக்கம். அதற்கு யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை, துக்க வீட்டுக்கு நேரம் பார்த்து வருகிறவர்கள்கூட இதற்குக் கட்டிய லுங்கியோடு வந்துவிடுவார்கள். பதினான்கு பேர் கூடினோம். நல்ல வெயிலில் டார்ச் அடித்துக்கொண்டு நின்றவன் நான். எண்ணெய் போடச் சொன்னார் ஒருவர், எண்ணெய் போட்டால் கெட்டது என்றார் இன்னொருவர், இடப்பக்கத்து ஸ்பிரிங்கை வலப்பக்கம் போட்டால் ஆயுசு கூடும் என்று தன் மச்சான் சொன்னதாக மூன்றாமவர் சொன்னார். தாலுகா ஆபீசில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் நகர் நலச்சங்கச் செயலாளர் வெங்கிடுபதி, வாழ்நாளில் ஒரு நட்டும் கழற்றாதவர், "அவசரப்படாதீங்க சென்னியப்பன், முறையா செய்யுங்க" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் எல்லோர் பேச்சையும் சென்னியப்பன் காதில் வாங்கினார். சரியான பேச்சு ஒன்றே ஒன்றுதான் அன்றைக்கு வந்தது, அது ஜன்னலிலிருந்து வந்தது.

"ஏனுங்க" என்றாள் கட்டிலில் படுத்திருந்த மயிலாத்தாள். "புஷ் போல்ட்டை இப்பவே முறுக்கிப் போடாதீங்க. கையில மட்டும் புடிச்சு வுடுங்க. வண்டியக் கீழ எறக்கி, சக்கரத்து மேல பாரம் உக்காந்தப்பறம்தான் முறுக்கோணும். தொங்கல்ல முறுக்குனா ரப்பரு அதையே நெசம்னு நெனச்சுக்கும்."

நாங்கள் பதினான்கு பேரும் குனிந்து வண்டிக்கடியில் பார்த்தோம். சுற்றிலும் இருபத்தெட்டுக் கால்கள் நிற்க மல்லாந்து கிடக்கிற ஒரு ஆண்பிள்ளை, ஜன்னல் வழியாக வந்த பெண்டாட்டி பேச்சைக் கேட்டுப் போல்ட்டைத் தளர்த்தினான் என்ற பேச்சை வாங்குவானா?

"முப்பது வருசம் லேத்துல நின்னவனுக்கு முறுக்கச் சொல்லித் தர்றா பாருங்க" என்றார் சென்னியப்பன். நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்பு கொடுத்த தெம்பில் ஸ்பேனரின் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, நெற்றி நரம்பு புடைக்க, அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த வண்டியின் இரண்டு பெரிய போல்ட்டுகளையும் இனி ஒரு இழை நகராது என்கிற வரை முறுக்கினார்.

சக்கரத்தை மாட்டி, ஸ்டாண்டை எடுத்து, ஜாக்கியை இறக்கினார். ஜாக்கி இறங்கியது. வண்டி இறங்கவில்லை.

எங்களில் ஒருவரும் கத்தவில்லை, ஓடவில்லை, கும்பிடவில்லை. மறுபடி குனிந்து பார்த்தோம். பிறகு வெங்கிடுபதி தொண்டையைக் கனைத்து, "புது ஸ்பிரிங்கு அப்படித்தான் இருக்கும். ஓட ஓட செட் ஆயிடும்" என்றார். அதானே என்றோம் எல்லோரும். வழக்கப்படி நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை நகர்த்தினார்கள், முன்னிரண்டும் நசுங்கின, பின்னிரண்டும் வைத்தபடியே இருந்தன, பழத்தை எதற்கு வீணாக்குவது என்று வெங்கிடுபதியின் சம்சாரம் அவற்றை எடுத்துப் போய் ஜூஸ் போட்டுவிட்டாள்.

அந்தக் கார் முன் சக்கரத்தால் இழுத்து ஓடுகிற கார், ஆகவே ஓடுவதற்கு ஒரு தடையும் இல்லை. புதன்கிழமை மயிலாத்தாள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். முன் சக்கரங்கள் குழியில் விழுந்தன, எழுந்தன, விழுந்தன, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சென்னியப்பன் குதித்தார், கூரையில் முட்டிக்கொண்டார், பல்லைக் கடித்தார், பின் சீட்டோ அமாவாசைக் குளம் மாதிரி அசையாமல் கூடவே வந்தது. பிள்ளையார் கோயில் முக்கு தாண்டியது அவளுக்குத் தெரியவில்லை. ரயில்வே கேட் தாண்டியது தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில், "எறங்கு மயிலா, வந்தாச்சு" என்று அவர் சொன்னபோது, "எங்க வந்தாச்சு?" என்று கேட்டாள்.

பதினெட்டு வருடம் ரப்பரோடு இருந்தவளுக்கு நடந்தது என்ன என்று முதல் நிமிடமே தெரிந்துவிட்டது. தொங்கலில் முறுக்கிய ரப்பர் தொங்கலையே தன் நிலையென்று நினைத்துக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். இரண்டு போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினால் தீர்ந்தது என்பதும் தெரியும். சொல்லவில்லை. "நல்லா முறுக்கியிருக்கறீங்க" என்று மட்டும் சொன்னாள், சென்னியப்பனின் முகம் நாள் முழுக்க இறங்கவில்லை. மூன்று புதன்கிழமைகள் அப்படிப் போய் வந்தார்கள். மூன்றாவது வாரம் மயிலாத்தாள் வாசலில் குனிந்து அஞ்சு புள்ளிக் கோலம் போட்டாள்.

கோலத்தைப் பார்த்தோம். கூடவே வண்டியையும் பார்த்தோம்.

முதலில் கேட்டது ஒரு சமையல்காரர், கல்யாணச் சாம்பார் அண்டாவைப் பின் சீட்டில் ஏற்றி மண்டபத்தில் இறக்கினார், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பிறகு முட்டை வியாபாரி கேட்டார். பிறகு புதுத் தொலைக்காட்சி வாங்கியவர், பிறகு காது குத்துக்குப் போகிற குழந்தை, பிறகு காது குத்துக்குப் போகிறவர்களின் வீடியோக்காரர். வண்டியை மறித்த போலீஸ்காரர் ஒருவர், பொதுச் சாலையில் காரை வைத்து சாகசம் செய்ததாக ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் சீருடை இல்லாமல் வந்து தன் அம்மாவுக்கு முழங்கால் வலி என்று நின்றார். எப்படி இது நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எப்போது கிடைக்கும் என்றுதான் கேட்டார்கள். வெங்கிடுபதி நலச்சங்கத்தின் சார்பில் பின் சீட்டு ஒதுக்கீட்டு விதிகள் என்று பதினொரு விதிகள் எழுதி வாட்ஸப்பில் போட்டார். நோயாளிகளுக்கு முன்னுரிமை என்பது ஒன்பதாவது விதி.

இதில் ஒரு வினோதம், சாமானியத்தில் கண்ணுக்குத் தெரியாதது. பின் சீட்டில் ஒருமுறை போய் வந்தவர்கள் இறங்கி நின்று, வேட்டியைச் சரி செய்துகொண்டு, "ரோடு அப்படியொண்ணும் மோசமில்லீங்களே" என்றார்கள். பொய் சொல்லவில்லை, அவர்கள் போன ரோடு அப்படித்தான் இருந்தது. நான்கு வருடமாகத் திங்கள்தோறும் குறைதீர் கூட்டத்துக்குச் சாலை மனு எழுதிக்கொண்டிருந்த வெங்கிடுபதியும் ஒருநாள் பின் சீட்டில் பத்திரப்பதிவு ஆபீஸ் வரை போய்வந்தார். அடுத்த திங்கள் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு என்ன குறை என்று நினைவுக்கு வரவில்லை, மூடிவைத்துவிட்டு வெற்றிலை போட்டார்.

இதையெல்லாம் ஒருவன் பார்த்துக்கொண்டிருப்பானே, அவன்தான் கவுன்சிலர். எங்கள் கவுன்சிலர் பட்டீஸ்வரன் இரண்டாவது வீதிக்காரர், குழி வெட்டியதும் அவர் மச்சான்தான், மூட வேண்டியதும் அவர் மச்சான்தான், இப்படியிருக்கக் கோபித்துக்கொள்ள அவருக்கு ஆள் இல்லை. அவர் நகராட்சி உதவிப் பொறியாளர் தேவசகாயத்தை அழைத்துக்கொண்டு ஒரு புதன்கிழமை காலையில், சரியாக மயிலாத்தாள் தலை வாரிக்கொண்டிருந்த நேரத்தில் வந்தார்.

"சென்னீண்ணா, சாலை ஆய்வுக்குப் போகோணுமுங்ணா. சார் நம்ம வார்டுக்குப் புதங்கிழமைதான் வர முடியுமாம்" என்றார்.

"வூட்டுல ஆஸ்பத்திரிக்குங்க..." என்று இழுத்தார் சென்னியப்பன்.

"ஆய்வு முடிஞ்சாத்தானுங்ணா ரோடு. ரோடு வந்தா அக்காளுக்குத்தானுங்களே நல்லது?" என்றவர், பதினான்கு பேர் பார்க்க ஒரு சால்வையை எடுத்து சென்னியப்பன் தோளில் போர்த்தினார். "இது உங்க வண்டி இல்லீங்ணா. மக்கள் வண்டி."

சால்வை போர்த்தியவனிடம் முடியாது என்று சொல்லக் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கூடம் எங்கள் பக்கத்தில் இன்னும் திறக்கவில்லை. சென்னியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பாமல், "அடுத்த வாரம் கண்டிப்பாப் போயிரலாம் மயிலா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். பொறியாளர் தேவசகாயம் ஒரு டம்ளர் டீயைத் தொடை மேல் வைத்துக்கொண்டு ஆறு வீதியையும் சுற்றினார். டீ ததும்பவில்லை, மேலே படிந்த ஆடைகூடக் கிழியவில்லை. முதலாம் வீதி மேடு பள்ளமின்றி உள்ளது என்று எழுதினார். இரண்டாம் வீதி மேடு பள்ளமின்றி உள்ளது என்று எழுதினார். அவர் கையெழுத்து அவ்வளவு அழகாக ஒருநாளும் இருந்ததில்லையாம்.

அடுத்த புதன் மறு ஆய்வு. அதற்கடுத்த புதன் மழைக்குப் பிந்தைய ஆய்வு. அதற்கடுத்தது வெயிலுக்குப் பிந்தையது. வண்டியின் முன் கண்ணாடியில் நகராட்சி அவசரப் பணி என்று ஒரு ஸ்டிக்கர் வந்து உட்கார்ந்தது. ஐந்து புதன்கிழமைகள் மயிலாத்தாள் தலை வாரி, புடவை கட்டி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வண்டி போவதைப் பார்த்து, திரும்பப் படுத்தாள். முதல் மூன்று வாரத்தில் சேர்ந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் போயிற்று. குனிய முடியாமல் வாசலில் வெறும் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தாள். முன் சீட்டில் ஆறு வீதியிலும் குதித்துக் குதித்து சென்னியப்பனின் இடுப்பும் போய், பெல்ட் போட்டுக்கொண்டார், ஒரே வெந்நீர்ப் பையை இரண்டு பேரும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். ஐந்தாவது வாரக் கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அறுவை, முந்தின நாளே வந்து படுக்கச் சொன்னார்கள்.

அன்று மத்தியானம் அந்த வீட்டில் நடந்த பேச்சை மயிலாத்தாளே பிற்பாடு என் மனைவியிடம் சொன்னாள்.

"அந்த வண்டி ஏன் அப்படி நிக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க" என்றாளாம். "மொதல் நாள்ளயே தெரியும். ரெண்டு போல்ட்டு. அரைச் சுத்து."

சென்னியப்பன் வெந்நீர்ப் பையைக் கீழே வைத்தார். "தெரிஞ்சுமா சொல்லுல?"

"சொகமா இருந்துச்சு, சொல்லுல. என் முதுகுக்குன்னு ஒலகத்துல ஒண்ணு அமைஞ்சுதேன்னு நெனச்சேன். நானும் மனுசிதானுங்களே."

"இப்ப அவுத்துப் போட்டா நீ எப்படிப் போவே? அந்தக் குழியில உனக்கு உசுரே போயிருமே புள்ள."

"இப்ப மட்டும் போறனுங்களா?" என்றாள் மயிலாத்தாள்.

சென்னியப்பனுக்குக் கோபம் வந்தது, கோபத்தைக் காட்ட எழுந்தார், இடுப்பு பிடித்துக்கொண்டது, மறுபடி உட்கார்ந்தார்.

அடுத்த புதன்கிழமை நிறைவுச் சான்று. ஆறு வீதியும் நல்ல நிலையில் இருப்பதாக மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் அதற்கப்புறம் ஐந்து வருடத்துக்கு அந்த வீதிகளில் யாரும் ஒரு சட்டி தார்கூடக் கொட்ட வேண்டியதில்லை. கவுன்சிலர் பட்டீஸ்வரன் ஒரு ஓரம், பொறியாளர் தேவசகாயம் மறு ஓரம், பொதுமக்கள் பிரதிநிதியாக வெங்கிடுபதி நடுவில், மூவரும் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது வீட்டுக்குள்ளிருந்து மயிலாத்தாள் வந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தாள், மறு கையில் பாயும் ஸ்பேனரும். வண்டியின் பின்னால் பாயை விரித்தாள், மெல்ல உட்கார்ந்தாள், மெல்லச் சாய்ந்தாள்.

"அம்மிணி, என்ன பண்றீங்க? உங்க ஒடம்புக்கு இதெல்லாம் ஆகுமா?" என்று கவுன்சிலரின் மடிமேல் குனிந்து ஜன்னல் வழியே தலையை நீட்டினார் வெங்கிடுபதி.

"மல்லாக்கப் படுக்கறது ஒண்ணுதானுங்க டாக்டரு எனக்குச் சொன்ன வேலை" என்றாள் மயிலாத்தாள்.

நாங்கள் இறங்கவா என்று பொறியாளர் கேட்டார்.

"ஐயோ, எறங்காதீங்க சார். இதெல்லாம் பாரத்துல வச்சுத்தான் பாக்கோணும். உங்க மூணு பேரு பாரமும் வேணுமுங்க."

தங்கள் பாரம் தேவைப்படுகிறது என்று கேட்டதில் மூவருக்கும் மகிழ்ச்சிதான். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு சாண் இடைவெளியில் மயிலாத்தாள் மல்லாந்தபடியே வண்டிக்கடியில் நகர்ந்து போனாள், வலப்பக்கம் அரைச் சுற்று, இடப்பக்கம் அரைச் சுற்று, அதே மாதிரி நகர்ந்து வெளியே வந்தாள். சென்னியப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. அந்த ஒன்றுக்காக அவரை நான் மதிக்கிறேன். ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தாள்.

"வண்டி எங்க உக்காருதோ அங்கயே நிறுத்தி முறுக்கிப் போடுங்க" என்றாள்.

ரப்பருக்கு ஞாபகம் சட்டென்று போகாது. நாலாவது வீதி முழுக்க வண்டி பழையபடியே போயிற்று. பொறியாளர் டீ டம்ளரைத் தொடை மேல் வைத்து, பேனாவைத் திறந்து, நிறைவுச் சான்றில் முதல் கையெழுத்தைப் போட்டு, கவுன்சிலர் வாங்கி இரண்டாவது கையெழுத்தைப் போட்டு, வெங்கிடுபதி தாளை மடி மேல் வைத்து வெ என்று எழுதுகையில், பிள்ளையார் கோயில் முக்குக் குழியின் நேர் மேலே வந்தபோது, ரப்பருக்குத் தான் யார் என்று நினைவு வந்துவிட்டது. அத்தனை நாள் தொடாத தரையை வண்டி ஒரே தடவையில் தொட்டது. அந்தச் சத்தம் ஆறு வீதிக்கும் கேட்டது. டீ கவுன்சிலரின் வெள்ளைச் சட்டையிலும், வெ என்ற எழுத்து பொறியாளரின் கால்சட்டையிலும் போய்ச் சேர்ந்தன.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது மூவரும் மூன்று விதமாக வளைந்து கிடந்தார்கள். "தூக்குங்கடா" என்று கவுன்சிலர் அலறினார்.

"கொஞ்சம் அப்படியே உக்காருங்க" என்றார் சென்னியப்பன். "இப்பத்தான் பாரம் சரியா உக்காந்திருக்குது." இடுப்பு பெல்ட்டோடு குழிக்குள் படுத்து, அவசரப்படாமல், முறையாக, இரண்டு போல்ட்டையும் முறுக்கி முடித்த பிறகுதான் கதவைத் திறக்கவிட்டார்.

மூன்று முதுகுக்கும் ஒரே டாக்டர், ஒரே வைத்தியம், பன்னிரண்டு புதன்கிழமை. ஒன்பதாம் நாள் தார் வந்தது. ஆறு வீதியும் மேடு பள்ளமின்றி இருப்பதாக ஏற்கெனவே பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தபடியால் அதைச் சாலை என்று சொல்ல முடியவில்லை, அவசர மருத்துவ அணுகுபாதை என்று பெயர் வைத்து இரண்டாவது வீதியில் கவுன்சிலர் வீட்டு வாசலில் ஆரம்பித்து, வெங்கிடுபதி குடியிருக்கிற முதல் வீதி வழியாக, பிள்ளையார் கோயில் முக்கு வழியாக ஆஸ்பத்திரி வாசல் வரை வழுவழுவென்று போட்டார்கள். மீதி நாலு வீதி அப்படியே கிடந்தது, அங்கே மயிலாத்தாளின் முதுகு ஒன்றைத் தவிர வேறு முதுகு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

டாக்டர் திட்டினார், பிறகு கத்தியைத் தள்ளிவைத்தார், ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்றார். மயிலாத்தாள் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். நாலாவது வீதியிலிருந்து தார் தொடங்குகிற இடம் வரை ஒரு தடியை ஊன்றி நடப்பாள், பக்கத்தில் சென்னியப்பன் காலி வண்டியைக் குழியில் இறக்கி ஏற்றிக் கொண்டுவருவார், தார் வந்ததும் ஏறிக்கொள்வாள். வண்டி எல்லா வண்டியும் போல ஓடியது. நான்கு வாரம் இப்படி.

ஐந்தாவது புதன்கிழமை நாங்கள் மனுவோடு போனோம்.

அறுபத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்ட மனு அது. வெங்கிடுபதி நிற்க முடியாததால் நாற்காலியில் உட்கார்ந்தபடி எழுதியது, நான்கு வருடத்தில் அவர் எழுதிய மனுக்களிலேயே உருக்கமானது. முகூர்த்த மாதம் வருகிறது என்றும், வயதானவர்கள் இருக்கிறார்கள் என்றும், தொங்கலில் முறுக்குவது அறிந்த ஒரே குடும்பம் என்ற முறையில் அந்த வண்டியை மறுபடி தொங்கலில் முறுக்கித் தந்து புதுமலர் நகர் மக்களை வாழ வைக்க வேண்டும் என்றும் இருந்தது. பதினேழாவது கையெழுத்து என்னுடையது. வண்டியைச் சுற்றி நெருக்கமாக நின்றுகொண்டோம், முக்கியமான விஷயம் என்றால் அப்படித்தான் நிற்போம்.

மயிலாத்தாள் நின்றபடியே இரண்டு பக்கமும் படித்தாள். "மீதி நாலு வீதிக்கு மனு எழுதீட்டீங்களா?" என்று கேட்டாள்.

"வண்டி பழையபடி ஆயிருச்சுன்னா அப்பறம் ரோடு எதுக்குங்க அம்மிணி?" என்றார் நாற்காலியில் இருந்தபடியே வெங்கிடுபதி, நிஜமாகவே புரியாமல்.

அவள் கடைசிக் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள். புஷ்ஷை அழுத்திப் பார்க்கிற மாதிரி கட்டைவிரலால் அழுத்தினாள். "இது யாரு போட்டதுங்க?"

சென்னியப்பன் வண்டிச் சாவியைப் பார்த்தார். "எல்லாரும் வாசல்ல வந்து நின்னாங்க மயிலா. அத்தன பேரு போட்டப்பறம் நான் ஒருத்தன் போடாம எப்படி..."

அவள் அவரைத் திட்டவில்லை. மனுவை நான்காக மடித்து, கிட்டத்தில் நின்ற என் கையில் கொடுத்து, "எனக்கு மணியாச்சுங்க" என்றாள். தடியைக்கூட எடுக்கவில்லை. குழிக்கு ஓரமாக, கல்லுக்கு ஓரமாக, மூன்றாவது வீதி திரும்பி, நிற்காமல் நடந்தாள். சென்னியப்பன் வண்டியில் ஏறி ஹாரன் அடித்தார், நாங்கள் அறுபத்து இரண்டு பேரும் எந்தப் பக்கம் விலகுவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் இன்னொரு முறை ஹாரன் அடித்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கி, சாவியை வண்டியிலேயே விட்டு, இடுப்பு பெல்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எங்களை இடித்துத் தள்ளி ஓடினார். மனு என் கையில் இருந்ததால் நானும் பின்னால் ஓடினேன்.

தார் போட்டதிலிருந்து கவுன்சிலர் வீட்டு வாசல் வரை டவுன் பஸ் வந்து திரும்பிக்கொண்டிருந்தது. நான் போய்ச் சேரும்போது மயிலாத்தாள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், மகளிருக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்து அவளிடம் கொடுத்துவிட்டுக் கண்டக்டர் திரும்ப, படியில் தொற்றி ஏறி மூச்சு வாங்க நின்ற சென்னியப்பனைப் பார்த்தார்.

"நீங்க எங்கீங்க போகோணும்?"

சென்னியப்பன் ஜன்னலோரச் சீட்டைக் கைகாட்டினார். "அவ எங்க எறங்கறாளோ, அங்கீங்க" என்றார்.

மயிலாத்தாள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கமாக நகர்ந்து இடம் விட்டாள். கண்டக்டர் விசில் ஊதினார், பஸ் திரும்பியது, குலுங்காமல் போயிற்று. நான் மனுவோடு தார் முடிகிற இடத்தில் நின்றேன், ஆள் இல்லாத இடத்தில் மனுவை யாரிடம் கொடுப்பது, ஆகவே வீட்டுக்குத் திரும்பி நடந்தேன், வழியில் குழிகளை எண்ணினேன். என் வீட்டு வாசல் வரை நாற்பத்தொன்று இருந்தன. நான்கு வருடத்தில் அன்றைக்குத்தான் எண்ணினேன்.